உங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கிறாராமே

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்களைத் தேடி ஒருவர் வந்தார். கதவைத் திறந்தால் ஒரு சீனர். முன்தலையை மழித்து, பின்னலை முதுகில் விட்டு, தோளில் ரம்பமும் உளிப்பையுமாக நின்றார். கிடர்பூர் துறைமுகத்துக்குக் கப்பல் மரவேலைக்கு வரும் சீன மிஸ்திரிகளில் ஒருவர் என்று நினைத்து, வேலை எதுவும் இல்லை என்று வங்காளத்தில் சொன்னேன். அவர் நகரவில்லை. உங்கள் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, "ஆமி ஓர் தாதா" என்றார்.

அதாவது, அவனுக்கு அண்ணன் நான் என்று! அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. நம் வீட்டின் மூத்த பிள்ளை நீங்கள். உங்களுக்கு எங்கிருந்து முளைத்தார் ஓர் அண்ணன்?

நீங்கள் காய்ச்சலில் போய்ப் பத்து மாதமாகிறது என்பதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பையை இறக்கிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, அந்த மாமாவுக்கு ஏன் சடை? ஏன் அழுதாக?" என்று என் மகள் செல்லம் கேட்டாள்.

அவர் பெயர் ஆ லியுங். அவருக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தையும் எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தையும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசினோம். நீங்கள் இருந்தவரை நான் கேட்காததையெல்லாம் அவரிடம் கேட்டேன்.

கப்பல் குமாஸ்தாவாகச் சீனாவுக்கு, கான்டனுக்குப் போனீர்கள். ஏணியில் சறுக்கிக் கை ஒடிந்தது. கப்பல் உங்களை விட்டுவிட்டுத் திரும்பியது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். உங்கள் கைக்குக் கட்டுப் போட்ட வைத்தியர் வீட்டு முற்றமே சண்டைக் கலை பழகும் பள்ளிக்கூடம் என்பதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?

முதலில் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்களாம். பிறகு, ஒடிந்த கை கட்டோடேயே கடைசி வரிசையில் போய் நின்றீர்களாம். குதிரைமேல் உட்கார்ந்ததுபோலத் தொடையை அகட்டி, ஒரு ஊதுபத்தி எரிந்து முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு அது ஒன்றுதான் பாடம்.

"எங்க அண்ணாச்சி நல்லா நிப்பாகளா?" என்றேன்.

ஆ லியுங் அழுத கண்ணோடு சிரித்தார். "ரொம்ப மோசம். பாதிப் பத்தி எரியறதுக்குள்ள கால் கிடுகிடுன்னு ஆடும். எல்லாரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான்."

நீங்கள் சிரித்து எனக்கு நினைவே இல்லை, அண்ணாச்சி.

அங்கே வயதுக்கு மதிப்பில்லையாம். யார் முதலில் சேர்ந்தாரோ அவரே மூத்தவர். பத்து வயதுப் பொடியன்கள்கூட உங்களுக்கு அண்ணன்கள். உங்களுக்கு முந்தின வாரம் சேர்ந்தவர் ஆ லியுங். அதனால் மீன் சேராத தம்பிக்குக் கீரையைத் தனிச் சட்டியில் வதக்கிப் போட்டது அவர்தானாம்.

பிறகு, பல நாள் என் நெஞ்சை அறுத்ததைக் கேட்டேன். "எங்க அப்பா செத்த சேதி அங்க வந்துச்சா? வந்த பிறகும் ஏன் கிளம்பல?"

அவர் சொன்னார். கடிதம் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்ததாம். படித்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முற்றத்தில் போய் நின்றீர்களாம். ஒரு பத்தி எரிந்து முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. ஆசிரியர், "அவனை விடுங்க" என்று மட்டும் சொன்னாராம். என்ன ஏதென்று தெரியாமலேயே ஆ லியுங்கும் உங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறார். மூன்றாவது பத்தியில் நீங்கள் விழுந்தீர்கள். விஷயம் தெரிந்ததும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், அவர் கையாலேயே உங்களுக்குத் தலை மழித்துவிட்டு, நீங்கள் அப்பாவுக்குப் பிண்டம் வைத்து முடிக்கும்வரை கூடவே நின்றாராம்.

"ஊருக்குப் போன்னு நான்தான் சொன்னேன். 'போனா நான்தான் எல்லாருக்கும் அண்ணன். இன்னும் நாலு மாசம் இங்க தம்பியா இருந்துட்டுப் போறேன்'னான்."

அண்ணாச்சி, அம்மா போனபோது உங்களுக்குப் பதினைந்து வயது. அப்பாவின் வியாதி, தங்கைகள் எங்கள் இரண்டு பேர் கல்யாணம், எல்லாம் உங்கள் தலையில்தானே விழுந்தது? உங்களுக்கென்று ஒரு குடும்பம்கூட இல்லாமல் போயிற்றே. உங்களுக்கும் ஒரு அண்ணன் வேண்டியிருக்கும் என்று எங்களில் யாருக்காவது தோன்றியதா?

நீங்கள் திரும்பி வந்த அன்று காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நான் சொன்னது நினைவிருக்கிறதா? "கடைசி மட்டும் அப்பா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாகளாம்." நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அதன்பிறகு இரண்டு வருஷம் இதே வீட்டில் இருந்தோம். நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

இப்போது கிடர்பூருக்கு மின்சார டிராம் ஓடுகிறது. செல்லம் நம் பாஷையைவிட வங்காளத்தைத்தான் நன்றாகப் பேசுகிறாள். உங்கள் மாப்பிள்ளைக்குக் கஸ்டம்ஸில் பதவி உயர்ந்திருக்கிறது. உங்கள் வருஷத் திவசத்துக்கு ஆ லியுங்கை அழைத்திருக்கிறேன் என்றதும் அவர் திகைத்துப்போனார்.

"சீன மிஸ்திரிய எங்கட்டி உக்கார வைக்கப் போற?"

"எங்க அண்ணாச்சிக்கு மூத்தவுகள எங்க உக்கார வைப்பீக? அங்கதான்."

"சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வராத பிள்ளை என்று திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டார் இன்றும் உங்களைச் சொல்கிறார்கள். அப்படித்தான், வேண்டுமென்றேதான் வரவில்லை என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அந்தக் கடிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. நாளைத் தபாலில் அவர்களுக்கு வேறொரு கடிதம் போகும். நடந்தது முழுவதையும் எழுதுவேன். நான் எழுதியது தப்பு என்பதை முதல் வரியிலேயே எழுதுவேன். அவர்கள் நம்பாவிட்டால் மறுபடியும் எழுதுவேன்.

இப்படிக்கு,
தாமதமாகக் கேட்ட உங்கள் தங்கை,
கோமதி