முந்திப் போட்ட மௌத்துச் செய்தி

அன்புக் காக்கா,

மண்ணுக்குள் நீங்கள் உறங்கும் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். கூடப்பிறந்த மூத்தவர் நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் உங்களுக்கு இத்தனை நீளமாக எதையும் எழுதியதில்லை. ‘ஓம்’, ‘போட்டாச்சு’ என்ற இரண்டு சொல்லில் நம் வட்ஸ்அப் கதை முடிந்துவிடும்.

நீங்கள் தொடங்கிய முகநூல் செய்திப் பக்கத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். கல்முனை நீங்கள் பார்த்த மாதிரி இல்லை. மாடிக்கு மேல் மாடி எழும்புகிறது; பக்கத்து வீட்டில் நடப்பதையே நம் பக்கத்தைப் பார்த்துத்தான் அறிகிறார்கள். தண்ணீர் வெட்டு, காணாமல் போன ஆடு, அவசரமாக இரத்தம் தேவை, எல்லாம் நம்மிடம் வருகிறது. வடிகானுக்கு மூடி போட்டதற்கு மூன்று படம் அனுப்பி, தன் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கிறவர்களும் குறையவில்லை.

ஆனால் ஊர் அதிகம் தேடுவது, இறந்தது யார், எப்போது அடக்கம் என்கிற ஜனாஸா அறிவித்தலைத்தான். காலையில் மௌத்தானவரைப் பின்னேரத்துக்குள் அடக்கிவிடுகிற ஊர் இது. பிந்தி அறிந்தால் ஜனாஸாத் தொழுகை தவறிப்போகும். போட்டிக்கு வேறு பக்கங்களும் வந்துவிட்டன. ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்று நானும் ஓடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு பகல், ஆஸ்பத்திரியில் இருந்த ஹாஜியார் ஒருவர் மௌத்து என்று தகவல் வந்தது. வீட்டாரிடம் கேட்காமலே படத்தோடு போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர் வீட்டு வாசலில், மௌத்துக்கு வருகிறவர்கள் உட்காரக் கதிரைகள் இறங்கின. அவருக்குக் கஞ்சி கொண்டுபோக வெளியே வந்த மனைவி, அந்தக் கதிரைகளைக் கண்டுதான் விசயத்தை விளங்கிக்கொண்டார். அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். ஹாஜியாரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம்.

அவர் வீடு திரும்பியதும் மன்னிப்புக் கேட்கப் போனேன். “என்ட ஜனாஸாக்கு ஆரார் வருவாங்கெண்டு தெரிஞ்சிட்டு தம்பி” என்று ஹாஜியார் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

“பிழையாப் போட்டத்துக்கு நான் கோவிக்கல்ல மகன். உண்மையா இருந்திருந்தாலும் எனக்கு முந்தி ஊருக்குத்தானே சொல்லியிருப்பீங்க?”

காக்கா, நெஞ்சு வலி என்று உங்களைக் கொண்டுபோன அன்று நான் செய்ததும் அதுதான். உயிர் போய்விட்டதென்று டொக்டர் கையை விரித்ததும், வேறு எவரும் முந்திவிடக் கூடாதென்று உங்கள் மௌத்தை உங்கள் பக்கத்திலேயே போட்டேன். பிறகுதான் வீட்டிலிருந்த உங்கள் மனைவிக்கு, மதினிக்கு, போன் எடுத்தேன். அவர் அழுதுகொண்டே கதைத்தார். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் இல்லை.

ஹாஜியார் வீட்டிலிருந்து நேரே மதினியிடம் போனேன். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு உங்களுக்கு ஆரு மதினி சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லல்ல தம்பி. காக்காக்குச் சுகமாயிட்டெண்டு நீங்க ஏதும் போட்டிருப்பீங்களெண்டு நான்தான் போனத் திறந்து பாத்த.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. இத்தனை நாளும் அந்த வீட்டில் சோறு தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

இனி எந்த மௌத்தும், அந்த வீட்டாருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் நம் பக்கத்தில் வரும். மற்றவர்கள் முந்தினால் முந்தட்டும். இது உங்களுக்கும் மதினிக்கும் நான் தரும் வாக்கு.

மதினிக்குப் பிந்திச் சொன்ன
உங்கள் தம்பி