இடது பக்கக் கண்ணாடி

பழங்காநத்தம்
9.6.2025

அன்புள்ள இம்மானுவேல் அண்ணனுக்கு,

அழகுமலை எழுதுகிறேன். உங்கள் போனுக்கு எத்தனையோ தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். கடைசியில் உங்கள் தங்கச்சி எஸ்தர் டீச்சர்தான், "அண்ணனுக்குக் குரலே வரலை, போனை எடுத்து என்ன செய்வாரு? எழுதிப் போடுங்க, படிப்பாரு" என்று எழுமலை விலாசத்தைக் கொடுத்தார்கள். இத்தனை வருடம் நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நீங்கள் டிக்கெட் போட, ஒரே வண்டியில் ஓடியிருக்கிறோம். உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தொண்டை எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்?

நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அதே திருமங்கலம் டவுன் பஸ். நம் இருவர் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் அல்லவா, அந்தக் காகிதத்தை வீட்டில் பாண்டியம்மாள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஆனால் அண்ணே, அந்தக் காலேஜ் பையன் அந்த வளைவில் படிக்கட்டில் இருந்து விழுந்ததை நான் இடது பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தேன். மாசியில் நடந்தது. ஆனி வரப்போகிறது. இன்னமும் அந்தக் கண்ணாடியைப் பார்க்க என்னால் முடியவில்லை. கண் தானாக விலகிவிடுகிறது. மீறிப் பார்த்தால் வேர்த்துச் சட்டை நனைந்துபோகிறது.

அவள் மந்திரித்துத் திருநீறு வாங்கி வந்தாள். பூசிக்கொண்டேன். மகள் தமிழ்வாணி, "அப்பா, நீங்க ஒரு தெரபிஸ்டைப் பாக்கணும்" என்கிறாள். அப்படியென்றால் யார், எங்கே இருப்பார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. உங்களிடம் கேட்டால் ஏதாவது சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் தம்பி,
அழகுமலை


எழுமலை
16.6.2025

தம்பி அழகுமலைக்கு,

உன் கடிதம் வந்தது. நம் டிப்போவில் லீவு லெட்டர்கூட அடுத்தவனை எழுத வைக்கிற ஆள் நீ. உன் கையெழுத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தார் டாக்டர். தொண்டையில் ஒன்றுமே இல்லையாம். மதுரையில் இன்னொரு டாக்டரும் அதையே சொன்னார். "இருமுங்க" என்றார். இருமினேன், சத்தம் வந்தது. "பேசுங்க" என்றார். காற்றுதான் வந்தது. எஸ்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறாள் போல. வாய்விட்டுச் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து தெரபி என்றால் முட்டிவலிக்குக் கரண்டு வைப்பார்களே, அதுதான். உனக்கு எதற்கு அது? கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே. கண்டக்டர் விசிலைக் கேட்டு வண்டியை எடு. டிப்போவில் ஒருவரிடமும் மூச்சு விடாதே. தலையில் கோளாறு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். லைட் டியூட்டி என்று கேட்டில் உட்கார வைப்பார்கள்.

என்னைப் பார்க்க வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. யார் வந்தாலும் நான் வாயைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. எழுது, போதும்.

இம்மானுவேல்


பழங்காநத்தம்
4.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி டிப்போவில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மகள் விடவில்லை. நடந்ததை எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

முதலில் மனநல டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். வாசலில் அவ்வளவு கூட்டம். தெரிந்தவர்கள் யாரும் இருந்துவிடக் கூடாதே என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவரும் துண்டு போட்டிருந்தார். உள்ளே போனதும் டாக்டர் தூக்கம் வருதா, பசிக்குதா என்று கேட்டார். நான் பஸ் ஓட்டுகிறவன் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் மாத்திரை எழுதிவிட்டார். மறுநாள் காலையில் பல் விளக்கும்போதே கண் சொருகுகிறது. இதோடு வண்டி எடுத்தால் அவ்வளவுதான் என்று நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஆன்லைன். போனில் முகம் பார்த்துப் பேசலாமாம். வீட்டில் எங்கே பேசுவது? இரண்டு அறை, பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தம் இங்கே கேட்கும். அதனால் டிப்போவில் சும்மா நின்ற ஒரு வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பெங்களூரில் இருந்து ஒரு பெண் பேசியது. நல்ல பெண்தான். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். "இப்போ உங்க பாடியில எங்க ஃபீல் பண்றீங்க சார்?" என்றது. "பாடியில பின்னாடி சீட்டுலதாம்மா இருக்கேன்" என்றேன். அது பஸ் பாடியைச் சொல்கிறது என்று நான் நினைத்துவிட்டேன். அது விளங்கவைப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. வண்டியைக் கழுவ வந்தவர் வேறு, "யாருண்ணே உள்ள, பேசிக்கிட்டு?" என்று தகரத்தில் தட்டுகிறார்.

அடுத்த வாரம் வேறு ஒருவர் வந்தார். முதலில் இருந்து சொல்லுங்கள் என்றார். அந்தப் பையன் எங்கே ஏறினான், எப்படித் தொங்கினான், எங்கே விழுந்தான் என்று மறுபடியும் சொன்னேன். அதற்கடுத்த வாரம் இன்னொருவர். அவரும் முதலில் இருந்து சொல்லுங்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டேன். இது குணமாவதற்கா, இல்லை அந்த வளைவுக்கே என்னைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவதற்கா என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா அண்ணே?

அழகுமலை


எழுமலை
11.7.2025

தம்பிக்கு,

பாடி விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சத்தமே இல்லாமல் வயிறு மட்டும் குலுங்கியது. எஸ்தர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். பாட்டுப் பாடும்போது எல்லோரோடும் சேர்த்து வாயை அசைக்கிறேன். முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஜெபம் எப்படியும் மனதுக்குள்தானே, அதில் குறையில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதுவும் முன்போல ஓடவில்லை. பாதியில் நின்றுவிடுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போனில் பேசிய அந்த ஆட்களிடம் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் இருக்கட்டும். இனிமேல் சொல்லாதே. நீ உன்னுடையதைப் பார். எனக்கு இருப்பது தொண்டைக் கோளாறு. அது வேறு.

இம்மானுவேல்


பழங்காநத்தம்
2.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சொல்லை இரண்டு இடத்தில் மீறிவிட்டேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

போன மாதத் தொடக்கத்தில், உங்களுக்குக் கடிதம் போட்ட இரண்டாம் நாள், திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் புதுக் கண்டக்டர் செல்வக்குமார் விசில் கொடுத்தார். வண்டியை எடுத்தேன். அந்த நேரம் ஓர் அம்மா ஓடிவந்து முன்படியில் ஒரு காலை வைத்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. "நிறுத்துண்ணே, நிறுத்துண்ணே" என்று சத்தம் கேட்டுத்தான் மிதித்தேன். அந்த அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீ எதுக்கு இப்படி வேர்க்கிற?" என்று என்னைக் கேட்டது.

அதற்கு மேல் என்னால் வண்டியில் ஏற முடியவில்லை. டிப்போவுக்குப் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "எம்புட்டு நாளா இப்படி ஓட்டுற?" என்றார். சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கேட் டியூட்டி என்று எழுதிக் கொடுத்தார். நீங்கள் சொன்னபடியே இப்போது கேட்டில்தான் இருக்கிறேன். போகிற வண்டி, வருகிற வண்டி நேரம் குறிக்கிறேன். பாண்டியம்மாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ வண்டி எடுத்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் நான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

மேனேஜர்தான் ஓர் இடம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில், டாக்டரைப் பார்த்த பிறகு, சுபலட்சுமி என்று ஓர் அம்மா. மருந்து எழுதுவதில்லை, பேசுவதுதான் அவர்கள் வேலை. தமிழ்வாணியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்கள். இந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் இருந்தது. மேலே காற்றாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அவசரப்படுத்தவில்லை. "இன்னிக்குச் சொல்லணும்னு இல்லங்கய்யா. அடுத்த வாரமும் நான்தான் இருப்பேன்" என்றார்கள். அது போதும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரம், "அன்னிக்கு வண்டியில உங்க கூட வேலை பாத்தது யாரு?" என்று கேட்டார்கள். என்னால் மறைக்க முடியவில்லை அண்ணே. உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "எங்க அண்ணன். அன்னிக்கு 'உள்ள ஏறுங்கப்பா, உள்ள ஏறுங்கப்பா'ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே வந்தாரு. அந்தப் பையன் விழுந்ததும் ஓடிப்போய் மடியில தூக்கி வச்சுக்கிட்டாரு. பையன் பிழைக்கல. அப்புறம் குரல் போயிருச்சு" என்றேன்.

அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். தொண்டை நன்றாக இருந்தும் குரல் போவது உண்டாம். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகுமாம். அது நடிப்பில்லையாம். நினைத்தாலும் அவர்களால் பேச முடியாதாம். பலருக்குத் திரும்பி வருமாம். "அவரைப் பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது. வந்தா பாக்கலாம்" என்றார்கள்.

சொன்னது தப்பென்றால் திட்டி எழுதுங்கள்.

அழகுமலை


எழுமலை
7.8.2025

அழகுமலைக்கு,

சொல்லாதே என்று எழுதியிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் என் மடியில் யார் கிடந்தது என்று சொல்லியிருக்கிறாய். நான் எஸ்தரிடம்கூடச் சொல்லாதது அது. நீ வண்டியைவிட்டு இறங்கினால் அது உன் பாடு. என்னையும் உன்னோடு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைக்கப் பார்க்காதே.

இனி எழுத வேண்டாம்.

இம்மானுவேல்


பழங்காநத்தம்
15.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தேன். பதில் போட வேண்டாம், படித்தால் போதும்.

டிப்போவில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்ஜினை ஓட்டாமல் அந்தக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் அந்த அம்மா. முதல் நாள் பார்த்துவிட்டு உடனே இறங்கி ஓடிவிட்டேன். இப்போது கொஞ்சநேரம் பார்க்கிறேன். மதில் தெரிகிறது. டீக்கடை தெரிகிறது. சில சமயம் அவனும் தெரிகிறான். குணமாகிறதா என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் எழுந்திருக்கவே பிடிப்பதில்லை. அதுவும் இதில் சேர்த்திதான் என்கிறார்கள்.

உங்களிடம் கேட்காமல் சொன்னது தப்புத்தான். அது என்னுடையது மட்டும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் நடந்ததில் எனக்கு மட்டும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று இன்னமும் புரியவில்லை.

உங்கள் தம்பி,
அழகுமலை


எழுமலை
8.10.2025

அன்புள்ள தம்பி அழகுமலைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் வரவில்லை.

திங்கட்கிழமை எழுமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்து வாங்கப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். உசிலம்பட்டி வண்டி ஒன்று கிளம்புகிறது. படிக்கட்டில் பிள்ளைகள் கொத்தாகத் தொங்குகிறார்கள். ஒருத்தன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைக் காற்றில் வீசுகிறான். நான் கத்தினேன். கத்தியதாகத்தான் நினைத்தேன். காற்றுதான் வந்தது. ஓடிப்போய் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கையாலும் அடித்தேன். டிரைவர் நிறுத்தினார். "யோவ், என்னய்யா வேணும்?" என்று கண்டக்டர் இறங்கி வந்தார். படிக்கட்டைக் காட்டினேன். வாயைக் காட்டினேன். ஊமை என்று நினைத்துக்கொண்டார் போல. "சரிப்பா, சரிப்பா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே ஏற்றினார். வண்டி போய்விட்டது.

மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன் தம்பி. கடைக்காரர் வந்து என்னவென்று கேட்டார். வீட்டுக்குப் போய் எஸ்தரிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "நீ நடிக்கிறன்னு நான் நினைச்சதே இல்லண்ணே. நீ என்கிட்ட எதையோ சொல்லமாட்டேங்கிறன்னுதான் நினைச்சேன்" என்றாள்.

அந்த அம்மாவைப் பார்க்க வருகிறேன். வந்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பேசித்தான் வைத்தியம் என்கிறாய், பேச்சே இல்லாதவன் போய் என்ன செய்வது? எழுதிக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டு வை. அறைக்குள் நான் தனியாகப் போகிறேன். நீ வெளியே இரு.

அடுத்த வியாழக்கிழமை காலையில் திருமங்கலத்தில் வந்து இறங்கிவிடுவேன். அதற்கு அப்பால் தனியாக வர மாட்டேன். அந்த வளைவு இருக்கிறது. பழங்காநத்தத்தில் இருந்து நீ கிளம்பி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. வண்டியில் இடது பக்கம் உட்கார வேண்டாம். அந்த இடம் வரும்போது என்னிடம் எதையும் கேட்காதே. உன் வீட்டுக் கதை, டிப்போ கதை, என்னவாக இருந்தாலும் சரி, நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே வா.

உன் அண்ணன்,
இம்மானுவேல்