நீ மறைத்த ‘எண்டு’

கடை ஷட்டருக்கு இன்று பச்சை பெயிண்ட் அடிக்கிறார்கள். நீ அடித்த நீலம் அடியில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கொரியப் படம்தான் ஞாபகம் வந்தது. வேறெவனுக்காவது இப்படி வருமா?

பத்து வயதில் மன்னாரிலிருந்து படகேறி இங்கே அகதி முகாமுக்கு வந்தவன் நீ. அப்பா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பெயிண்டிங் வேலை இருக்காது. என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்துவிடுவாய். இருவரும் கொரியப் படம் பார்ப்போம். நான் அடிதடிக்காகப் பார்த்தேன். நீ பார்த்தது வேறு. வடகொரியா, தென்கொரியா எல்லைக் கம்பிக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் தகப்பன். “மச்சான், இவங்களும் அப்பா எண்டுதான்டா கூப்பிடுறாங்கள்!” என்று குதித்தாயே.

“சண்டைதான் எப்பவோ முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு அழுவுறாங்க?” என்றேன்.

“முடிஞ்சது எண்டு ஆர் சொன்னது?”

இன்னொரு படத்தில், வடக்கிலிருந்து தப்பி வந்தவன் தெற்கத்தி ஆட்கள் மாதிரி பேசிப் பழகுவான். வாய் தவறி ஊர்ப் பேச்சு வந்ததும் கடைக்காரி ஏற இறங்கப் பார்ப்பாள். நீ படத்தை நிறுத்தி, “இது நான்தான்டா” என்றாய். நான் சிரித்தேன். வேலைக்குப் போகிற இடத்தில் உங்கள் ஊர் ‘எண்டு’ வரக்கூடாதென்று உனக்கு ‘ன்னு’வும் ‘இங்கிட்டு அங்கிட்டு’ம் பழக்கிவிட்டவனே நான்தான். விராலிமலையில் ஒரு வீட்டுக்காரம்மா உன்னை இந்தப் பக்கத்து ஆளென்றே நம்பி, “தம்பிக்குக் கறம்பக்குடிப் பக்கமா?” என்று கேட்டதைப் பரிசு வாங்கியவன் மாதிரி வந்து சொன்னாய். எனக்கும் பெருமை. வெட்கங்கெட்ட பெருமை.

அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று போன் வந்தது. போய்ப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும். “ஒருக்கா ஆபீசுக்கு வா மச்சான். நான் வாயத் திறந்தாலே அங்கிட்டுப் போய் உக்காரச் சொல்லுறாங்கள். நீ கதைச்சா கேப்பாங்கள்.”

“திங்கக்கெழம போவோம்” என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். கடையில் வேலை என்றது பொய். உன்னோடு போய் நின்றால் என் பெயரையும் போலீஸ் கணக்கில் எழுதிக்கொள்வார்களோ என்று பயம், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் உன் அப்பா செத்து, தூக்கிக்கொண்டு போனார்கள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தாய். என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாமே, பாவி!

அதற்கப்புறம் நீ படம் போடச் சொல்லவேயில்லை. அந்த வருஷமே பெயிண்ட் அடிக்கிற இடத்தில் சாரம் சரிந்து விழுந்து நீயும் போய்விட்டாய்.

இப்போது எனக்கே உன் ஊர்ப் பேச்சு வருகிறது. போன வாரம் வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவரிடம், “டிஸ்ப்ளே மாத்தணும் எண்டு நெனைக்கிறேன்” என்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “நீங்க சிலோன்காரரா?” என்றார்.

“ஐயய்யோ, இல்லைங்க!” என்றேன்.

கேட்டு வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது அந்த ஐயய்யோ. அவர் போனதும் பெயிண்டருக்குப் போன் போட்டேன். உன் நீல ஷட்டரைத் தினமும் எந்த முகத்தோடு தூக்குவது?