எண்பத்தைந்தாம் நம்பர் ரோஜாவுக்கு ஒரு தீர்ப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

வருகிற வியாழக்கிழமை உங்களுக்கு வருஷ திதி. படத்துக்கு என்ன பூ வைப்பது என்று அக்கா நேற்று என்னைக் கேட்டார். உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள், அதற்காக இந்த விளக்கம். சம்பங்கி மாலை வாங்கிவிடலாம் என்றான் உங்கள் மகன். அக்கா ஒப்பவில்லை.

"அஞ்சு ரோசாச் செடிய வெச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் மார்க்குப் போட்டீங்களே. கடைசில எதுங்க ஜெயிச்சுது? அதையே வெச்சரலாங்க."

நாம் மார்க் எழுதிவந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் 'முடிவு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். பத்தாயிரம் பனியனைப் பார்த்து ஒரே நாளில் தரம் பிரித்தவர், ஐந்து செடிக்குத் தீர்ப்புச் சொல்லாமல் போய்விட்டீர்கள். அந்த வேலை இப்போது என் தலையில்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் செடிகளின் கதை தெரியாது. எனக்குக் காசநோய் வந்து, பதினோரு மாதம் சானடோரியத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய வருஷம் அது. நோய் இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தை வீட்டில் எல்லோரும் படித்தார்கள், நம்பினார்கள், பத்திரமாக மடித்து வைத்தார்கள். பிறகு எனக்கென்று ஓர் அனுப்பர்பாளையத்துப் பித்தளை டம்ளரைத் தனியாக எடுத்துச் சுற்றுச்சுவர் மேல் கவிழ்த்து வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கொங்கு நாட்டில் மனிதரை ஒதுக்கினாலும் 'ங்க' போட்டுத்தான் ஒதுக்குவார்கள்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற என் நாற்காலி காலியாகவே இருந்தது. உடம்பு தேறியதும் வரச் சொன்னார்கள். எப்போது தேறும் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? எனக்கு அப்போது அது இல்லை.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊட்டி பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். மடியில் ஐந்து ரோஜா ஒட்டுச் செடிகள். கைக்குட்டை முழுக்க மண்.

"மாப்பிள்ளை, எந்திரிச்சு வாங்க. ஒரு வேலை இருக்குது."

"என்னுங்க மச்சான்?"

"நம்மூரு வெயிலுக்கு எந்த ரோசா நிக்கும்னு பாக்கோணுங்க. பூ எத்தனை, நெறம் வெளுக்குதா, நோவு வருதா, எல்லாம் எழுதோணும். நான் கம்பெனிக்குப் போயிருவேன். தெனம் பாத்துக் குத்தம் சொல்றதுக்கு ஓராளு வேணும். அதுக்கு இந்த ஜில்லாவுல உங்கள உட்டா ஆளில்லீங்க."

அது பாராட்டா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தையும் எங்கள் வாசலில் நட்டோம். பெயர்ச்சீட்டுக்கு உங்கள் கம்பெனியின் சைஸ் லேபிள்களைக் கொண்டுவந்திருந்தீர்கள். அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்த புதிது. நாட்டுப் பன்னீர் ரோஜாவுக்கு 75. சூப்பர் ஸ்டார் என்ற ஆரஞ்சுக்கு 80. மஞ்சளில் ரோஸ் விளிம்பு போட்ட பீஸ் ரோஜாவுக்கு 85. வெள்ளைக்கு 90. கருஞ்சிவப்புக்கு 95. தெருவில் போகிறவர்கள் இந்த வீட்டில் செடிகளுக்குப் பனியன் போடுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஒரே அளவாக ஊற்ற வேண்டும் என்றீர்கள். சுற்றுமுற்றும் பார்த்தீர்கள். சுவர்மேல் இருந்த என் டம்ளரை எடுத்தீர்கள். "இதாங்க அளவு. செடிக்கு எட்டு டம்ளர்." அன்றிலிருந்து அந்த டம்ளர் உங்கள் கை, என் கை, உங்கள் தங்கை கமலத்தின் கை, குழந்தைகளின் கை என்று சுற்ற ஆரம்பித்தது. ஆராய்ச்சிக் கருவியை யார் தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள்?

உங்கள் ஆராய்ச்சி முறையை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நீங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையின் தலைவர். ஓட்டை, எண்ணெய்க் கறை, பின்னலில் விட்டுப்போன கண்ணி, இவை இருந்தால் செகண்ட்ஸ். இல்லாவிட்டால் முதல் தரம். அதே கண்ணோடு ரோஜா இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். சூப்பர் ஸ்டாரின் நிறம் உச்சி வெயிலிலும் வெளுக்கவில்லை, ஆனால் இலையெல்லாம் சாம்பல் பூத்தது: செகண்ட்ஸ். கருஞ்சிவப்பின் இதழ் ஓரம் தீய்ந்தது: செகண்ட்ஸ். பன்னீர் ரோஜா வாரம் தவறாமல் பூத்தது, மணத்தது, மத்தியானத்துக்குள் உதிர்ந்தது: "கொஞ்சம் சாயம் போவுதுங்க, செகண்ட்ஸ்."

90-ம் நம்பர் மட்டும் தளதளவென்று வளர்ந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு பூச்சி இல்லை. பூவும் இல்லை என்பதை நான் ஐப்பசி வரை சொல்லிப் பார்த்தேன். "வரும் மாப்பிள்ளை. இலை பாருங்க, பிளீச்சிங்ல இருந்து வந்த துணி கணக்கா இருக்குது." முதல் தரம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள்.

தெருவில் போன பூக்காரம்மாதான் நின்று பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க இத்தனை உபசாரம்? மேல ஒட்டுக் கட்டுன வெள்ளை எப்பவோ செத்துப்போச்சு. இது அடியிலிருந்து கெளம்புன காட்டுச் செடிங்க. நம்மூருல ஆயுசுக்கும் பூக்காது."

"இலைல ஒரு குத்தம் இல்லீங்களே" என்றீர்கள், பாவம்.

"பூவே இல்லீங்களே சாமி."

நான் சிரித்தேன். சானடோரியத்திலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் தடவை. சிரிப்பு இருமலாக மாறியது. தெருவில் இரண்டு பேர் நகர்ந்து நின்றார்கள். நீங்கள் நகரவில்லை.

அந்த வாரம் அடைமழை. 85-க்குக் கரும்புள்ளி நோய் வந்து, இலை மொத்தமும் கொட்டி, வெறும் குச்சியாக நின்றது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "இதைப் பிடுங்கிப் போட்டிரலாங்க மச்சான். நோவு புடிச்சது. சுத்தமான செகண்ட்ஸ்" என்றேன். எதைப் பற்றிச் சொல்கிறேன் என்பது எனக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றினீர்கள். உள்ளே பனியனில், விலா ஓரம், இரண்டு இடத்தில் ஓட்டையை இழுத்துத் தைத்திருந்தது.

"செக்கிங் ஹெட்டுங்க நான். இருபது வருசமா செகண்ட்ஸ்தான் போடறேன். வேர்வையக் குடிக்குது, வெயிலத் தாங்குது. வேறென்ன வேணும் பனியனுக்கு?"

பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாளியிலிருந்து அந்த டம்ளரில் தண்ணீர் மோந்து, 85-க்கு ஊற்றாமல், வாய் வைத்துக் குடித்தீர்கள். தெரிந்தே குடித்தீர்களா, என் டம்ளர் என்பதை மறந்துபோய்க் குடித்தீர்களா? கேட்கவேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் போய்விட்டன. கமலம் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். மறுநாள் எனக்குக் காப்பி எல்லோருடைய டம்ளர்களில் ஒன்றில் வந்தது.

தை பிறந்தபோது 85 பூத்தது. தட்டு அகலத்துக்கு மூன்று பூ. அந்த வாரம் நான் அச்சகத்துக்குப் போனேன். உங்கள் கம்பெனிப் பெட்டி அட்டையில் முதல் நாளே இரண்டு பிழை கண்டுபிடித்தேன்.

முதலில் போகப்போவது நான்தான் என்று ஊர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது மச்சான். ஒரு நாள் காய்ச்சலுக்குக்கூடப் படுக்காத நீங்கள், செக்கிங் மேஜையில் தலை சாய்த்து அப்படியே போனது பெரிய ஒழுங்கு மீறல். வரிசையில் முன்னால் நின்றவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே செய்திகள்: 80-ம் 95-ம் போன கோடையில் பட்டுப்போயின. பன்னீர் ரோஜா சுவர் உயரம் தாண்டிவிட்டது. 90 இன்னும் இருக்கிறது. பூக்கிற உத்தேசம் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட சரக்கு என்பதால் யாரும் தொடுவதில்லை. 85 வழக்கம்போல மழைக்கு இலையைக் கொட்டிவிட்டது. உச்சியில் ஒரு மொட்டு மட்டும் இருக்கிறது. வியாழனுக்குள் விரியுமா என்று தெரியவில்லை.

முடிவுப் பக்கத்தில் இன்று எழுதிவிட்டேன்: 'பூவின் அகலத்துக்கு 85-ம் நம்பர்தான். நோய் எதிர்ப்புக்கு அதற்கு மார்க் இல்லை. நோய் ஒவ்வொரு வருஷமும் வந்தது, செடி ஒவ்வொரு வருஷமும் பூத்தது. தரம்: செகண்ட்ஸ். பரிசு: முதல்.' அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "அவரு ஒத்துக்குவாருங்களா?" என்றார். ஒத்துக்கொள்வீர்கள்.

மொட்டு விரிந்தால் உங்கள் படத்துக்கு அதுதான். விரியாவிட்டால் சம்பங்கியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தையில் 85 பூத்ததும் நானே கொண்டுவந்து வைக்கிறேன். எதுவானாலும் படையலில் உங்களுக்குத் தண்ணீர் அந்தப் பித்தளை டம்ளரில்தான். பூஜை முடிந்ததும் அதை வாய் வைத்து நான் குடிப்பேன். எல்லோரும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கமலத்தின் வீட்டுக்காரன்,
உங்கள் செக்கிங்கில் தேறிய மாப்பிள்ளை.