உன் மாமா வாங்கிவிட்ட திமிங்கலப் பல்

அன்பு மகள் உனாய்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தரின் தயவால் அப்பாவின் முழங்கால் வலி தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். கோபத்தோடுதான் ஜெபிக்கிறேன், ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை.

கெலேராவை நீ ஆஸ்திரேலியாவுக்கு இழுத்துக்கொண்டாயே, அந்தக் கோபம்தான். முதலில் நீ இந்த ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுப் போனாய், பெற்ற மகள் பிழைக்கப் போகிறாள் என்று பொறுத்துக்கொண்டேன். அதன்பிறகு மூன்று வருஷம் என் பக்கத்திலேயே நிறுத்திப் பழக்கிய நர்ஸ் கெலேரா. என் கண்ணுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவாள். ஃபிஜி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கை கிடைக்காது. குறைமாசக் குழந்தைகள் பதினொன்று கிடக்கிற வார்டில் இப்போது பகலுக்கு நானும் லுசியானாவும்தான். அந்தக் கை அங்கே முதியோர் இல்லத்தில் கஞ்சி ஊட்டுகிறது. கிழவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களையும் ஒரு தாய்தான் பெற்றாள், ஆனால் கஞ்சி ஊட்ட வேறு கையா கிடைக்கவில்லை? இரண்டு மாசம் அவளிடம் போனில் குசுகுசுத்துவிட்டு என்னிடம் மட்டும் அங்கே மழை எப்படி என்று விசாரித்தாய்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். ஒரு குழந்தைக்கு நான் மூன்றாம் தடவையாக நரம்பு தேடிக்கொண்டிருந்தேன், லுசியானா பிரசவ அறைக்கு ஓடியிருந்தாள். ஜன்னலோரம் இருந்த பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூட இல்லை, மூச்சை நிறுத்திவிட்டது. மணி அலறுகிறது, என் கையில் ஊசி. பக்கத்துக் குழந்தையின் தாய் தோரிகா, மலைப்பக்கத்துச் சேம்புத் தோட்டக்காரி, நாங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டி முதுகைத் தேய்த்து மூச்சை வரவழைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "சிஸ்டர், எனக்கும் சம்பளம் போடச் சொல்லுங்க, இல்லேன்னா நானும் ஆஸ்திரேலியா போயிடுவேன்" என்றாள். எல்லாத் தாய்மாரும் சிரித்தார்கள். நான் துணி அலசும் அறைக்குப் போய் அழுதேன்.

இந்த லட்சணத்தில் ஞாயிறு டூட்டி முடித்து வந்தால் உன் மாமா இலைசா பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார். நீ சொல்லி உன் அண்ணன் வழக்கப்படி ஒரு தபுவாவைக் கொண்டுவந்து வைத்து உனக்காக மன்னிப்புக் கேட்டானாம், அந்தத் திமிங்கலப் பல்லை மாமா என் சார்பில் வாங்கிவிட்டாராம், யங்கோனா வேரையும் கரைத்துக் குடித்தாயிற்று. நான் கத்தியதற்கு, "பல்லக் கையில வாங்கினப்புறம் கோவத்த எங்க வெச்சுக்குவ தங்கச்சி, முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்கிறார். வாங்கியதைத் திருப்பக் கூடாது, வழக்கம் எனக்கும் தெரியும். சரி, மன்னித்துவிட்டேன். வாய் மன்னித்துவிட்டது, வயிறு இன்னும் எரிகிறது. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிற சாமர்த்தியத்தை யாரிடம் கற்றாய்?

வழக்கம் உனக்கு மட்டும் சொந்தமில்லை, மகளே. கைக்கு வந்த பல்லை இன்னொருவர் முன் வைத்து ஒன்றைக் கேட்கலாம். நேற்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு உன் மாமனார் வீட்டுக்குப் போனேன், நீ இப்போது அந்த வீட்டுப் பெண் ஆயிற்றே. அதே தபுவாவை அவர் முன் வைத்து, உன் வருஷ லீவு நான்கு வாரத்தையும் என் வார்டுக்குக் கேட்டேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கை குவித்துத் தட்டி ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்காமல் எப்படி என்று துள்ளாதே. என்னையும் யாரும் கேட்கவில்லை.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. கெலேராவுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல், அவள் வயசில் எனக்கும் போகத்தான் ஆசையாக இருந்தது. விமானம் ஏறுமுன் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றி வை. இறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு உன் டூட்டி.

உன் மேல் மட்டும் கோபமாக இருக்கும்,
அம்மா விலிமைனா