இமிட்டேஷன் என்று நான் சொன்ன எட்டுக் காசுகள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து கச்சான் காற்று. கடைக் கண்ணாடி துடைத்து அரை மணியில் மறுபடி புழுதி.

பதினொரு மணிக்கு றகீம் நானா. கிண்ணியாக்காரர். போன மாதம் எங்கள் கடையில்தான் வாசிக்கிற மூக்குக்கண்ணாடி செய்வித்தவர். சங்கு குளித்துப் பிழைத்த மனிதர், இப்போது இரண்டு காதும் மந்தம். இனிக் கடலில் இறங்கக்கூடாதென்று டாக்டர் சொல்லியாயிற்று.

கண்ணாடிக் கால் தளர்ந்திருந்தது. இறுக்கிக் கொடுத்தபிறகும் போகாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பி. உள்ளே எட்டுக் காசு. பச்சையும் கறுப்புமாக, சட்டைப் பொத்தானளவு. கடைசியாகக் குளித்த அன்று பாறை இடுக்கில் கிடைத்ததாம்.

“உங்களிட்ட பூதக்கண்ணாடி இருக்கு. எந்தக் காலத்துக் காசெண்டு பாத்துச் சொல்லுங்க தங்கச்சி.”

பழங்காசுதான் என்று தெரிந்தால் தொல்பொருள் திணைக்களக் கந்தோரில் கொடுக்கப்போகிறாராம். காட்சிக்கு வைத்தால் பக்கத்தில் தன் பெயரையும் எழுதுவார்களா என்று கேட்டார். வீட்டில் மருமகன் சோடா மூடி என்று சிரிக்கிறாராம்.

நேரே கந்தோருக்கே போங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நானே கண்டுபிடிக்கும் ஆசை. இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். கடையில் ஆளில்லை. நல்லதாய்ப் போயிற்று.

எழுத்துகளைப் பார்த்தால் உரோமக் காசு மாதிரி. இணையத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது. ஆங்கிலம், அறுநூறு பக்கம். முன்னுரை மட்டும் முப்பது பக்கம். அதைத் தாண்டி நேரே படங்களுக்கு.

பார்க்கவேண்டியவை:
– அகலம், எடை
– தலை எந்தப் பக்கம் பார்க்கிறது
– தலையைச் சுற்றி எழுத்து. அரசன் பெயர்.
– பின்பக்கப் படம்
– படத்துக்குக் கீழே இரண்டு மூன்று எழுத்து. காசு அடித்த ஊர்.

எட்டையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்தாயிற்று. சோறு சாப்பிட மறந்துபோனேன். படிக்கிற காலத்துக்குப் பிறகு இப்படி ஒன்றில் மூழ்கியதில்லை.

ஜூலை 9, புதன்

ஒன்றும் பொருந்தவில்லை. பட்டியலில் தலை வலப்பக்கம் பார்க்கிறது, இதில் இடப்பக்கம். அங்கே ஈட்டியோடு மூன்று பேர், இங்கே மூன்று குச்சி. எழுத்தென்று நினைத்தவை வெறும் கோடுகள். பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தால் இருக்கவேண்டிய எடையில் பாதி.

மத்தியானம் கடைசிப் பக்கங்களில் ஒரு சின்னப் பிரிவு. அச்சொட்டாக இதே குச்சி மனிதர்கள். தலைப்பு: இமிட்டேஷன். எங்கள் தெருவில் இமிட்டேஷன் என்றால் கவரிங் நகை. முடிந்தது கதை. கவலைதான், ஆனாலும் நானே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷப் புளுகம்.

மூன்று மணிக்கு ற. நானா வந்தார். சொன்னேன்.

“வடிவாப் பாத்தீங்களா?”

“ஓம் நானா, புத்தகத்திலேயே இருக்கு. எட்டும் இமிட்டேஷன்.”

காது கேளாதவர் என்பதால் உரத்துச் சொல்லவேண்டியிருந்தது. கடையில் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குப்பியை வாங்கிப் பையில் போட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 12, சனி

கூட்டம். ஃபிரேம் இரண்டு உடைவு.

ற. நானாவின் மகள் பர்வீன் கண் பார்க்க வந்தாள். வாப்பா புதன்கிழமை வீடு வரும் வழியில் கிண்ணியாப் பாலத்தடியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கினாராம். நடுப் பாலத்தில் நின்று காசைக் குப்பியோடு தண்ணீரில் எறிந்துவிட்டு மிச்சத் தூரம் நடந்து வந்தாராம். அவளுடைய கணவன் சமீம் இதைச் சந்தியில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாராம். இப்போது வாப்பா அந்தப் பக்கம் தேநீர் குடிக்கவும் போவதில்லை.

கரைச்சல் விட்டது, இனித் தொல்லை இல்லை என்றாள் பர்வீன். நானும் தலையாட்டினேன். அவள் போனபிறகு ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

போனில் இடமில்லை. படங்களை அழிக்கப் போனால் அந்த எட்டுக் காசும். அழிக்க மனம் வராமல் பட்டியலைத் திறந்தேன். இந்தமுறை முதல் பக்கத்திலிருந்து.

முன்னுரை, பக்கம் இருபத்தொன்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உரோமச் செப்புக்காசு புழங்கிய காலத்தில், உள்ளூரிலேயே அதைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். சிதைந்த எழுத்து, திரும்பிய தலை, குறைந்த எடை, எல்லாம் அதன் அடையாளம். இந்தப் பட்டியலில் இமிட்டேஷன் என்பது அவற்றைத்தான். இந்தக் காலத்தில் ஏமாற்றச் செய்யும் போலிக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

நாலு தரம் வாசித்தேன். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வருடம். இந்தத் தீவிலேயே அடித்ததாகக்கூட இருக்கலாம்.

கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 16, புதன்

கிண்ணியாவுக்குப் போய் நானாவிடம் சொல்லவேண்டும். போகவில்லை. தலையிடி என்று எனக்கே ஒரு சாட்டு.

ஜூலை 17, வியாழன்

போகாமல் இருக்க நான் கண்டுபிடித்த காரணங்கள்: காசு இனி வராது. அந்த நீரோட்டத்தில் யாராலும் தேட ஏலாது. மனிதர் மறந்திருப்பார். சொன்னால் இன்னும் நோகும்.

எல்லாம் பொய். வெட்கம் மட்டும்தான் உண்மை. கண்ணில் சின்னதாய் ஒன்று வித்தியாசமாகத் தெரிந்தாலே, எனக்குத் தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கோ என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற வாய். அன்றைக்கு மட்டும் அந்த வார்த்தை வரவில்லை. ஒரு நாள் படம் பார்த்துவிட்டு ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே தீர்ப்பு. அதுவும் உரத்துக் கத்தி.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்பது மணி பஸ். விசுக்கோத்துப் பெட்டி ஒன்று வாங்கினேன். கையில் அது இருந்ததே கூச்சமாக இருந்தது.

ற. நானா முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் தந்தார், அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நினைத்து. நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“நானா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது உண்மையான பழங்காசு.”

திரும்பச் சொல்லச் சொன்னார். கேட்கவில்லையாக்கும் என்று உரத்துச் சொன்னேன். முதல் தரமே கேட்டிருக்கிறது. உள்ளே பார்த்துச் சமீமைக் கூப்பிட்டார்.

“இவருக்கும் சொல்லுங்க தங்கச்சி.”

சொன்னேன். பர்வீன் குசினியிலிருந்து வந்தாள். அவளுக்கும் சொல்லச் சொன்னார். நாலாவது தரமும் சொன்னேன். சமீம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், சிரிக்கவில்லை.

நாளைக்குத் தொல்பொருள் கந்தோருக்குப் படங்களைக் கொண்டுபோய், பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். காசில்லாமல் படத்தை வைத்து என்ன செய்வார்கள் என்று தெரியாது. அதையும் சொன்னேன், தெரியாதென்று.

போனை வாங்கி எட்டுப் படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். தலை ஏன் மற்றப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டார். உரோமக் காசை முன்னால் வைத்து அப்படியே அச்சில் வெட்டியிருக்கிறான், அச்சில் வெட்டியது காசில் திரும்பித்தான் விழும் என்றேன். அந்தத் தலையை இன்னும் பெரிதாக்கினார்.

“அவனும் புதுசாப் பழகினவன் போல.”

பிளேன்டீ வந்தது. குடித்தேன். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நான் எழும்பியதும் சாரத்தை இறுக்கிக்கொண்டு அவரும் எழும்பினார். பஸ் வர முக்கால் மணி நேரம். பஸ் தரிப்பில், வெயிலில் கூடவே நின்றார்.