ஹரிகிருஷ்ணன் எனக்கு வைத்த பெயர்கள்

9 மார்ச் 2004
ஆபீசில் சேர்ந்த பிறகு முதல் ரெவ்யூ. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசி வரியில் 'இன்ட்ரோவெர்ட்' என்று எழுதியிருக்கிறார் டிரெய்னர் ஹரிகிருஷ்ணன். மனோதத்துவம் படித்தவராம். அப்படியென்றால் என்ன சார் என்றேன்.
"உனக்குள்ளயே இருக்கறவன்னு அர்த்தம், கிருபா."
வேறு யாருக்குள் போய் இருப்பது?

17 மார்ச்
கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டேன். பசி, அவ்வளவுதான். தோளில் தட்டி, "இன்ஃபீரியாரிட்டி காம்ப்ளெக்ஸை விடுப்பா" என்கிறார், எல்லார் முன்னாலும். அந்தக் கையை — வேண்டாம்.
செங்கல்பட்டு நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். தாழ்வு மனப்பான்மை: மற்றவரைவிடத் தான் மட்டம் என்று தானே நினைத்துக்கொள்வது.
தானேவா? நானா நினைத்தேன்?

3 ஏப்ரல்
மாமல்லபுரம் ரிசார்ட்டில் டீம் கேம்ப். மணலில் வட்டமாக உட்காரவைத்து, சின்ன வயதில் மனதில் தங்கிப்போன ஒன்றைச் சொல்லச் சொன்னார். "ஒளிக்காம பேசுங்க, மனசு லேசாயிடும்." பக்கத்து சீட் ஷபானா, சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம்.
அடுத்தது நான். செய்யூர்ப் பக்கம் அப்பாவோடு அறுப்புக்குப் போனது. தண்ணீர் கேட்டது. நிலத்துக்கார அம்மா சொம்பை உயரத் தூக்கி, என் கையில் பட்டுவிடாமல் ஊற்றியது. அப்பாவும் அப்படியே குனிந்து குடித்தது. சொல்லி முடித்தேன்.
"இப்பல்லாம் யாருப்பா இதையெல்லாம் பாக்கறாங்க?" என்றார் ஹரிகிருஷ்ணன்.
"நீங்கதானே சார் கேட்டீங்க?"

8 ஏப்ரல்
இப்போது நான் 'அக்ரெசிவ்'. பேசாவிட்டால் ஒரு பெயர், பேசினால் இன்னொரு பெயர். அகராதியில்: பிறருக்குத் தீங்கு செய்யும் நோக்கோடு நடந்துகொள்வது. யாருக்குய்யா என்ன தீங்கு செஞ்சேன்? கேம்ப்பில் கத்தினேன் என்று வேறு எழுதியிருக்கிறார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் வேலை நிரந்தரமாம்.

11 ஏப்ரல்
ஈஸ்டர். ஊருக்குப் போனேன். அப்பாவிடம் சொன்னேன்.
"இன்னாத்துக்குடா அத்தெல்லாம் அங்க போய்ச் சொன்ன? மன்னிப்புதானே. கேட்டுட்டு வேலையப் பாத்துகினு போ."
பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கை கழுவும்போது பின்னாலேயே வந்து நின்றார்.
"அந்த சொம்பு உனுக்கு இன்னும் ஞாபகம் கீதா?"
தலையாட்டினேன்.
"சின்னப் பையன், நீ மறந்துட்டிருப்பேன்னு நெனச்சிகினு இருந்தேன்." துண்டை நீட்டினார். "கேக்காத. மன்னிப்புலாம் கேக்காத."

13 ஏப்ரல்
ராஜினாமா கொடுத்தாயிற்று. "யோசிச்சியா?" என்றார் ஹரிகிருஷ்ணன். எனக்குள்ளேயே யோசித்தேன் என்றேன்.

2 ஆகஸ்ட்
புது வேலை, சிறுசேரி ஆபீஸ் பழகிவிட்டது. இன்று ஷபானா போன் செய்தாள். நான் கத்தியதற்குச் சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டார்களாம். கிருபா கத்தவே இல்லையே என்று மறுத்துவிட்டாளாம். இந்த ரெவ்யூவில் அவளுக்கும் ஒரு பெயர்: 'சஜஸ்டிபிள்'. யார் பேச்சுக்கும் எளிதாக இழுபடுகிறவள்!
"உங்க ஆபீஸ்ல இடம் இருக்கா, கிருபா?"
இருக்கிறது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "கீது, வா" என்று வந்துவிட்டது.
திருத்தவில்லை.